மழையே பெய்யல

“மழை பெய்யல. மறந்துடாத. மழையே பெய்யல” என்றார் லிஃப்ட் மெக்கானிக், கடத்தல் சரக்கைக் கைமாற்றுகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தி.

“பெய்யல. குடை?” என்றாள் தையல்காரி.

“கொண்டு போனோம். விரிக்கல.”

“படகுல நீங்க முன்னாடி, நான் பின்னாடி. சரிதானே?”

விசா அலுவலகத்தின் கதவு திறந்தது. அவளை மட்டும் முதலில் கூப்பிட்டார்கள்.

உள்ளே அதிகாரி போனில் மாட்டிக்கொண்டிருந்தார். “இல்லம்மா, அன்னிக்கு நாம ரயில்லதான் போனோம்... சரி தாயே, கார்தான். நீ சொன்னா கார்தான்.” போனை வைத்துவிட்டுப் பெருமூச்சோடு பேனாவை எடுத்தார். “நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து போன ஒரு இடத்தைப் பத்திச் சொல்லுங்க.”

சொன்னாள். ஏரி, படகு, விரிக்காத குடை, கருகின சோளக்கதிர். மழை இல்லை என்பதை மட்டும் மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றைக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. படகுத்துறையில் அவர் வழுக்கி விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவள் அவள். அவரோ வெயில் மண்டையைப் பிளந்தது, தான் விழவே இல்லை என்று சாதிப்பார். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக வீட்டில் தீராத வழக்கு இது.

போன தடவை இதே அலுவலகத்தில் அவரவர் நினைவை அப்படியே சொன்னார்கள். ‘பதில்கள் ஒத்துப்போகவில்லை, போலிக் கல்யாணமாக இருக்கலாம்’ என்று வேறொரு அதிகாரி எழுதிவிட்டார். இன்று கடைசி வாய்ப்பு. தவறினால் அவளுக்கு விசா கிடையாது; அவர் வேலையோடு இங்கே, அவள் தையல் மெஷினோடு கடலுக்கு அந்தப் பக்கம், ஊரில்.

அதனால் ஒரு மாதமாகச் சமையலறையில் பேரம் நடந்தது. அவள் மழையை விட்டுக்கொடுத்தாள். பதிலுக்கு அவர், சோளம் கருகித்தான் இருந்தது என்று இறங்கி வந்தார். வழுக்கி விழுந்ததை மட்டும் எந்த விலைக்கும் அவர் வாங்கத் தயாராயில்லை. அது தள்ளுபடியில் போயிற்று.

அடுத்து அவர் உள்ளே போனார். அரை மணி கழித்து இருவரையும் சேர்த்து உட்காரவைத்தார்கள்.

அதிகாரி இரண்டு தாள்களையும் ஒட்டி வைத்து, வரி வரியாக விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்திலும் தயங்கவில்லை. மேசைக்கடியில் மெக்கானிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

முத்திரை இறங்கியது. சிவப்பு மை. ‘நிராகரிக்கப்பட்டது.’

“சார்! ஒரு வார்த்தைகூட மாறலையே சார்!” என்று எழுந்துவிட்டாள் அவள்.

“அதாம்மா.” அதிகாரி தாள்களை மடித்து அடுத்த கோப்பை இழுத்தார். “எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு. நெசமான புருஷன் பொண்டாட்டின்னா, ஒருத்தருக்காவது மழை பெஞ்சிருக்கும்.”