உடனே பகிரவும்

சனிக்கிழமை காலை மஸ்கெலியா பஸ்ஸிலிருந்து இறங்கிய இளைஞனைக் கண்டதுமே செல்லசாமிக்குச் சந்தேகம் தட்டியது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். தோளில் பெரிய பை.

தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்குச் செல்லசாமிதான் அட்மின். தோட்டத்தின் பாதுகாப்பே தன் கட்டைவிரலில் இருப்பதாக நம்புகிறவர். அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமானாலும் மனைவி நாகலெட்சுமி குழுவில்தான் செய்தி போடுவாள்.

இளைஞன் நேரே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனான். குழாயடியில் நின்ற சிறுமியிடம் குனிந்து ஒரு டொபியை நீட்டினான்.

"இந்த லயத்துல எத்தன பிள்ளைங்க இருக்காங்க? அப்பா, அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிட்டாங்களா?"

செல்லசாமி மறைந்து நின்று படம் எடுத்தார். 'எச்சரிக்கை! பிள்ளை பிடிக்கிறவன் நம்ம தோட்டத்தில்! உடனே பகிரவும்!'

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். செடி வெட்டிக்கொண்டிருந்த இராமையா கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். இளைஞனை, கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராத் தூணில் கட்டிப்போட்டுப் பையைக் கவிழ்த்தார்கள்.

ஒரு கொப்பி விழுந்தது. அதில் பதினேழு பிள்ளைகளின் பெயர், வயது, லயத்து நம்பர்.

"இத யாரு எழுதினது?" செல்லசாமி அதட்டினார்.

"நான்தாங்க. இந்தப் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு..."

"பார்த்தீங்களா! கூட்டிக்கிட்டுப் போறதுக்குத்தானாம்!"

மிச்சத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. கன்னத்தில் விழுந்த அறையில் இளைஞனின் உதடு கிழிந்தது. செல்லசாமி அதையும் படம் பிடித்து, 'குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்று போட்டார். பாராட்டுகள் குவிந்தன. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போதுதான் பள்ளிக்கூட அதிபர் யூஜினா செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார்.

"அடப் பாவிகளா, அவுத்து விடுங்க! ரெண்டு வருஷமா கணக்கு வாத்தியார் இல்ல, இல்லன்னு கத்துனீங்களே, அந்த வாத்தியாருதாங்க இவரு! நிரோஷன் சேர்! இஸ்கூலுக்கு வராம நின்ன பிள்ளைங்கள வீடு வீடா தேடி வந்திருக்காரு!"

இராமையா கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கட்டு அவிழ்ந்ததும் நிரோஷன் உதட்டு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அட்டனுக்குத் திரும்பிப் போக அடுத்த பஸ் எத்தன மணிக்குங்க?"

செல்லசாமிக்கு முகம் செத்துவிட்டது. பழியை எங்காவது இறக்கிவைக்க வேண்டுமே!

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்? இப்படி ஒருத்தர் வர்றாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்துக் காலையிலேயே குரூப்புல போட்டேனே, அவரு படத்தோட!"

செல்லசாமி குழுவைத் திறந்து மேலே மேலே தள்ளிப் பார்த்தார். இருந்தது. டை கட்டிக்கொண்டு நிரோஷன் சிரித்துக்கொண்டிருந்தார். 'நமது பாடசாலையின் புதிய கணித ஆசிரியரை வரவேற்போம்.' அதன் கீழே நூற்று எண்பது பூங்கொத்துகள்.

முதல் பூங்கொத்து செல்லசாமியுடையது.