தாளில் இருக்கிறதை மட்டும்

கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் பதினான்காம் எண் சட்டைக்காரன் பந்தை வலைக்குள் தள்ளியபோது, அறிவிப்பு அறையில் செங்கா பெட்ரியின் மடியில் தேநீர் கவிழ்ந்தது.

சுட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

நடுவர் அதோடு விசிலை ஊதிவிட்டார். ஒன்றுக்குப் பூஜ்யம்.

இன்வர்கல்லி கால்பந்து அணி இந்த சீசனில் இதற்கு முன் பத்தொன்பது ஆட்டம் ஆடி, ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. நான்காம் பிரிவில் கடைசி இடம். அதற்கும் கீழே ஒரு இடம் இருந்திருந்தால் அங்கேயும் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

மைதானத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆறு நாய்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தின. ஒருவர் கையிலிருந்த சூடான மாட்டிறைச்சிச் சாற்றைக் கோப்பையோடு வானத்தில் எறிந்துவிட்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டார்.

இனி செங்கா அறிவிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அவளுக்கு வாய் நிற்காது. இருபத்திரண்டு வருடமாக மைக் அவளிடம். விளக்கை அணைக்காமல் நிறுத்திய காரின் எண்ணைப் படிக்கச் சொன்னால், அந்தக் கார் வாரத்தில் மூன்று நாள் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் படிப்பாள். போன மாதம், எந்தக் கடையில் மூக்குக்கண்ணாடி மலிவு என்று நடுவருக்கு மைக்கிலேயே தகவல் கொடுத்தாள். மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து கிளப்பின் செயலாளர் கெடஸ் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். எழுதிக் கொடுத்த தாளுக்கு மேல் ஒரு வார்த்தை போனாலும் மைக் தன் மைத்துனனுக்கு என்று சொல்லிவிட்டார். மைத்துனன் குரலில் கோல்கூடச் சாவுச் செய்தி மாதிரிதான் கேட்கும்.

இன்று அந்த நாற்காலி இன்னும் நெருங்கியிருந்தது. காரணம், பதினான்காம் எண்.

ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் ஆளை ஓர் ஆட்டம் இறக்கிப் பார்ப்பது இந்தப் பிரிவில் வழக்கம். அப்படி வருகிறவனுக்குத் தாளில் பெயர் கிடையாது. ‘சோதனை ஆட்டக்காரர்’, அவ்வளவுதான். ஊரில் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரியும், ஆனாலும் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் வேறு கிளப் கொத்திக்கொண்டு போய்விடுமாம். கடைசி இடத்து அணியிடம் வந்து கொத்திக்கொண்டு போக யார் காத்திருக்கிறார்கள் என்று செங்கா கேட்டுப் பார்த்தாள்.

இவன் வலது முட்டியில் இரண்டு அறுவை சிகிச்சை. பதினெட்டு மாதமாகப் பந்தைத் தொடவில்லை. இன்று தேறினால் சீசன் முடியும்வரை ஒப்பந்தம். தேறாவிட்டால் திங்கட்கிழமை மீன் பதனிடும் ஆலைக்குப் பெட்டி தூக்கப் போக வேண்டும்.

எழுபதாவது நிமிடத்தில் அவன் இறங்கியபோது, செங்கா தாளில் இருந்ததை அப்படியே படித்தாள். ஒரு கமா கூடச் சேர்க்கவில்லை. கெடஸுக்கே ஆச்சரியம்.

அவன் காலுறை சரிந்திருப்பதை அவள் கவனித்தாள். இந்தக் குளிரில் உள்ளே பனியன் போடாமல் வந்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டாள். எதிரணிக்காரன் ஒருவன் அந்த முட்டியைப் பார்த்து உதைத்தபோது, எழுந்து நின்று அவனுடைய பரம்பரையையே இழுத்தாள். நல்ல வேளை, மைக் அணைந்திருந்தது.

அப்புறம் அந்தக் கடைசி மூலை உதை. கடல் காற்று பந்தைத் திருப்பியது, எதிரணிக் கோல்கீப்பர் காற்றைப் பிடித்தான், பந்து பதினான்காம் எண்ணின் மேல் பட்டு உள்ளே போனது. பட்டது அதே வலது முட்டியில்.

கோட்டோரத்தில், ஆகஸ்ட் மாதத்திலிருந்து சிரிக்காத மேலாளர் அவனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார்.

செங்கா அதைப் பார்த்தாள்.

கூட்டம் முழுவதும் அறிவிப்பு அறையைத் திரும்பிப் பார்த்தது. கெடஸ் தாளை அவள் முன்னால் நகர்த்தி, படிக்க வேண்டிய வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

“தாள்ல இருக்கிறத மட்டும், செங்கா.”

அவள் சுவிட்சை அழுத்தினாள். இன்வர்கல்லிக்கு ஒரு கோல் என்றாள். போட்டவர் பதினான்காம் எண், சோதனை ஆட்டக்காரர் என்றாள்.

தாள் அங்கே முடிந்தது. கெடஸ் நிம்மதியாக மூச்சு விட்டார்.

செங்கா சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“பொறந்தப்ப ஒன்பது பவுண்டு ரெண்டு அவுன்ஸ். அப்பவும் என்னை முப்பது மணி நேரம் காக்கவெச்சு, கூடுதல் நேரத்துலதான் வந்தான்.”

கோலுக்குக்கூட எழும்பாத சத்தம் மைதானத்தில் எழுந்தது. மைக்கைப் பிடுங்க நீண்ட கெடஸின் கை பாதி வழியில் நின்று, கைக்குட்டையைத் தேடிப் போனது. பெயரை அவள் சொல்லவில்லைதானே.

களத்தின் நடுவில் சோதனை ஆட்டக்காரர் வெட்கம் தாங்காமல் சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் சந்தேகப்பட்டது சரி. உள்ளே பனியன் இல்லை.