கழுத்து வரைக்கும் பச்சை

"மேல எதுக்கு இம்புட்டு இடம் விட்டிருக்கே? கழுத்து வரைக்கும் பச்சையை அப்பு," என்றாள் கோமதியம்மாள்.

மருமகள் இராமலட்சுமிக்கு முகம் விழுந்துவிட்டது.

குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்திருந்த மதுரைப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்த வித்தை அது. பஞ்சைத் துணியில் சுருட்டி, பெயிண்டில் தொட்டு, கண்ணாடி ஜாடியில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அடியில் கரும்பச்சை. மேலே போகப் போக வெளுத்து, கழுத்துப் பக்கம் வெறும் கண்ணாடி. எந்த இடத்தில் நிறம் மாறுகிறதென்றே தெரியக் கூடாது.

முதல் ஜாடி வழிந்து பாழானது. இரண்டாவதில் வந்தேவிட்டது. சாரல் இறங்கும்போது மலை தெரியுமே, அதே மாதிரி. அடுப்படியில் இருக்கிற நெய் ஜாடி, தேன் ஜாடி எல்லாவற்றையும் காலி செய்து இன்றைக்கே முடித்துவிட வேண்டுமென்று அவளுக்குக் கை பரபரத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் வந்து நின்றாள்.

முழுக்க அப்பினால் அழகு போய்விடும் என்று இராமலட்சுமி சொல்லிப் பார்த்தாள்.

"அழகை வச்சு என்னட்டி செய்ய? உள்ள இருக்கது வெளிய தெரியப்படாது."

ரசனை கெட்ட மனுஷி என்று நினைத்துக்கொண்டு இராமலட்சுமி பஞ்சைக் கீழே வைத்தாள்.

கோமதியம்மாள் வாசல் பக்கம் பார்த்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள். மகள் குழல்வாய்மொழி வீட்டுக்குத் தெரியாமல் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு இலஞ்சியில் இருக்கிறாள். அவள் பேரையே இங்கே எடுக்கக் கூடாது என்பது மாமனார் ஆவுடைநாயகத்தின் உத்தரவு. அதுவரை மருமகளுக்குத் தெரிந்த கதைதான். தெரியாததை இப்போது மெல்லச் சொன்னாள்.

"குழலு பிள்ளை பெத்திருக்கா. நெய்யும் தேனும் நான்தான் ஆள்கிட்டக் குடுத்து விடுதேன். உம் மாமனார் கடைக்குப் போறதுக்கு முந்தி ஜாடியை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போறாவ. எம்புட்டுக் குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா அம்புட்டுதான்."

இராமலட்சுமிக்கு உற்சாகம் பொங்கிக்கொண்டு வந்தது. வெறும் கண்ணாடியாக விட்ட இடத்தில் வெள்ளைப் பெயிண்டை ஒற்றிப் பார்த்தாள். பச்சை வெள்ளையில் கரைந்து, முன்னைவிட அழகாக வந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை.

"எங்கிட்டயும் ஒரு பஞ்சைக் குடு," என்றாள் கோமதியம்மாள். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு ஒற்றினார்கள். கையெல்லாம் பச்சை.

நன்றாகக் காய்ந்தபின் ஜாடிகளை நிரப்பி அலமாரியில் வரிசையாக வைத்தார்கள். மறுநாள் காலை ஆவுடைநாயகம் அங்கே வந்து நின்றார். நெய் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோமதியம்மாள் மருமகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். செருப்பை மாட்டியபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"கோமதி, இலஞ்சிக்குக் குடுத்து விடும்போது சீசா மூடியை நல்லா இறுக்கி விடு. போன தடவை பாதி நெய் பையிலயே சிந்திட்டுன்னு குழலு எங்கிட்டச் சொன்னா."