நடுவில் நின்ற மரம்

ஒரு ஏக்கர் முழுக்க மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை எப்படி அழிப்பது என்று ஒரு வாரமாகப் பேச்சு. "ஜேசிபி விட்டா ஒரே நாள், வேரோட போயிரும்" என்றார் சங்கையா. அவர் மனைவி ஆவுடைத்தாய் வேண்டாமென்றாள். தீ வைப்பதும் வேண்டாமாம். "அரிவாளால வெட்டுவோம். ஓரத்துலேர்ந்து உள்ள போவோம்."

"வெட்டினா திரும்பத் துளுக்குமே, தாயி?"

"துளுக்கட்டும். திரும்ப வெட்டுவோம்."

சங்கையா அரிவாளை எடுத்துவரப் போனார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பிறந்த அன்றே இறந்த தங்கள் பிள்ளையை இந்த நிலத்தின் நடுவில் புதைத்தவர் அவர்தான். நரி தோண்டிவிடக் கூடாதென்று வேலியிலிருந்து ஒரு சீமைக்கருவேல முள்கிளையை ஒடித்து மேலே போட்டார். அதில் விதையோடு காய்ந்த நெற்று தொங்கியதைக் கவனிக்கவில்லை. மழைக்கு ஒரு கன்று முளைத்தது. பிடுங்க இருவருக்குமே மனசு வரவில்லை. மற்றதெல்லாம் அதன் விதையில் வந்த காடு.

நாற்பது நாள் வெட்டினார்கள். கையெல்லாம் கீறல். கடைசியில் அந்த ஒரு மரம் மட்டும் நின்றது. சங்கையா அரிவாளைத் தீட்டிக்கொண்டு வந்தார். ஆவுடைத்தாய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, மரத்தில் முதுகு ஒட்ட நிற்கவைத்தாள். அவர் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, அதற்கு மேலே, கிளைகள்வரை அண்ணாந்து பார்த்தாள்.

"உங்களவிட வளந்துட்டான்" என்றாள்.

கையில் அரிவாளோடு, சங்கையா குதிகாலைத் தூக்கி எம்பிப் பார்த்தார்.