ஏழாவது ஷரத்து

"ஒரு ஆளோட பிள்ளைப் பாசத்துக்காக ஒரு நாடே காத்துக் கிடக்கணுமா?" என்று கேட்டார் வக்கீல். விடுதலைக் கமிட்டியின் தலைவர் அவர்தான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அச்சாபீஸ்காரர். இயக்கத்தில் அவருக்கு 'ஆணி' என்று பெயர். அடித்த இடத்தில் நிற்பார்.

துரைமார் ஆறு மாதத்தில் கொடியை இறக்கிக்கொண்டு கப்பல் ஏறுவதாகப் பேச்சு. ஒப்பந்தத்தில் இடித்தது ஏழாவது ஷரத்து மட்டும். சுங்கச் சாவடியைக் கொளுத்தியதற்காகத் தீவுச் சிறையில் கிடக்கும் நாற்பது பேரையும் முதலில் விடவேண்டும் என்றது அது. முடியவே முடியாது என்றார்கள் துரைமார்.

ஷரத்தை எடுத்துவிடலாம், நாற்பது பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது கமிட்டி. பாதிப் பேர் மந்திரி நாற்காலிக்கு அளவெடுத்து முடித்திருந்தார்கள்.

ஆனால் ஒரு விதி இருந்தது. சிறையில் இருப்பவனை விட்டுக்கொடுக்க அவன் வீட்டார் சம்மதிக்க வேண்டும். முப்பத்தொன்பது பேர் துறைமுகக் கூலிகள் வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடுகளில் நயமாகப் பேசிக் கைநாட்டு வாங்கியாகிவிட்டது. நாற்பதாவது பையன் ஆணியின் மகன். ஆணி அசையவில்லை.

வக்கீல் ஆணியின் மனைவியிடம் போனார். அவள் சம்மதித்தாலும் போதும்.

அவள் பக்கத்து வீட்டுத் தச்சனை நிற்கவைத்துத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். மகன் போனது பத்தொன்பது வயதில். ஒன்பது வருஷத்தில் எவ்வளவு அகலமாகியிருப்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை. தச்சனுக்கும் மகன் வயதுதான்.

வக்கீல் நாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சட்டைத் துணியை வெட்டிட்டேனே அண்ணே," என்றாள்.

மூன்று வாரம் இழுத்தது. 'ஆணியைப் பிடுங்கு' என்று சுவரில் கரியால் எழுதினார்கள். எழுதியவர்கள் வேறு யாருமில்லை, அவர் அச்சடித்த துண்டறிக்கைகளைப் படித்து வளர்ந்த பிள்ளைகள்தான். அவர் அந்தச் சுவரோரமாகவே தினமும் வேலைக்கு நடந்து போனார்.

நான்காவது வாரம் துரைமார் பணிந்தார்கள். அவர்களுக்கும் ஊர் போய்ச் சேரும் அவசரம்.

வக்கீல் பேனாவைத் திறந்தார். "ஜெயிச்சிட்டீங்கய்யா. பட்டியல்ல உங்க மகன் பேரையே முதல்ல போட்டுடறேன்."

"வேண்டாம். முப்பத்தொன்பதுன்னு போடுங்க."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் ஜுரத்துல போய் ரெண்டு மாசமாச்சு. தீவுக்குப் போற கப்பல் சமையல்காரன் வந்து சொன்னான். ஊர் கொதிச்சிடும்னு துரைமார் மூடி வெச்சாங்க. நானும் மூடி வெச்சேன்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"செத்தவன் அப்பனுக்கு உங்க விதியில இடம் ஏது? துக்கம் விசாரிச்சிட்டு அன்னைக்கே ஷரத்தை அடிச்சிருப்பீங்க. கூலிக்காரன் பிள்ளைங்களை யாரு கேட்டிருப்பா?"

ஆணி குனிந்து கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போகணும்," என்றார். "அவன் அம்மாகிட்ட இனிமேதான் சொல்லணும்."