வலப்பக்க இருக்கை

பயிற்சி விமானத்தில் தனியாகப் பறந்துகொண்டிருந்த சஃபீனாவின் ரேடியோவில் பேசும் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது. அவள் பேசுவதெல்லாம் கீழே கேட்டது. கீழே பேசுவது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. பயிற்சியாளர் தேவநேசன் வழக்கமாக உட்காரும் வலப்பக்க இருக்கை இன்று காலி. பெல்ட் தொங்கக்கூடாது என்று அதையும் பூட்டி இறுக்கியிருந்தாள். அந்த இருக்கையிடம்தான் கேட்டாள்: "சார், முன்னாடி பூரா கருமேகமா இருக்கு. திரும்பிடவா?" கீழே தேவநேசன் மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "திரும்பிடும்மா! உடனே திரும்பு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். இதே கேள்வியை அவள் கேட்டபோதெல்லாம் அந்த இருக்கையில் சாய்ந்துகொண்டு, "என்ன, பயமா?" என்று சிரித்தவர் அவர்.

ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "இல்ல சார்" என்றாள்.