இடம் போட்ட கற்கள்

உலகிலேயே பெரிய பொருளாதாரம் இனி நம் நாடுதான் என்று அறிவித்த மறுநாள் காலை, கண்ணாடிக் கோபுரத்தின் வாசலில் ஒரு செங்கல் கிடந்தது. அதன் பின்னால் நசுங்கிய தகர டின், ஒற்றைச் செருப்பு, கல்லைப் போட்டுக் கட்டிய மஞ்சள் பை. முன்பு அங்கே மண்ணெண்ணெய்க் கடை இருந்தது. அப்போதெல்லாம் ஊரே இப்படித்தான் வரிசையில் கல்லோ டின்னோ வைத்து இடம் போட்டுவிட்டு வேலைக்குப் போகும். வரிசை நகரும்போது, நிற்பவர்கள் இல்லாதவர்களின் கல்லையும் முன்னே தள்ளிவிடுவார்கள். செத்துப்போனவரின் கல்லைக்கூட, வீட்டிலிருந்து யாராவது வரும்வரை தள்ளிக்கொண்டுதான் போனார்கள்.

காவலாளி வேதமுத்து எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டார். அடுத்த நாள் வரிசை இன்னும் நீண்டிருந்தது.

"யாரு வைக்கிறாங்கன்னே தெரியல மேடம்," என்றபடி அவர் செங்கல்லைத் தூக்கினார்.

காரிலிருந்து இறங்கிய நிர்வாகி மல்லிகேஸ்வரி கத்தியே விட்டாள். "அடுத்தவங்க கல்லத் தொடலாமா? வைங்க கீழ!"

டின்னை எடுத்து முகர்ந்து பார்த்தாள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய், குதிகால் உயர்ந்த செருப்பில் ஒன்றைக் கழற்றி வைத்தாள்.

"அண்ணே, நகந்தா என்னுதையும் கொஞ்சம் தள்ளி விடுங்க. மீட்டிங் இருக்கு."

வேதமுத்து முன்னால் பார்த்தார். செங்கல்லுக்கு அந்தப் பக்கம் வெறும் கண்ணாடிச் சுவர்தான் இருந்தது.

"நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வா தாயி," என்றார்.